அவர் தலையாட்டினார், நான் சிரித்தேன்

எனக்குப் பயம் வந்தால் சிரிப்பு வந்துவிடும். சிறு வயதிலிருந்தே இருக்கிற கோளாறு இது. கணக்கு வாத்தியார் பிரம்பை எடுத்தால் என் உதடு தானாக விரியும். மற்றவர்களுக்கு ஓர் அடி விழுந்தால் எனக்கு இரண்டு. பெரியப்பா இறந்துபோன சேதி வந்தபோதும் இப்படித்தான் ஆனது. அம்மா அதை ரொம்ப நாள் மன்னிக்கவில்லை. எத்தனை பேரிடம் எடுத்துச் சொன்னாலும் ஒருவரும் நம்பியதில்லை. ஒரு கட்டத்தில் சலித்துப்போய், சொல்வதையே விட்டுவிட்டேன்.

தொண்ணூற்றொன்றில், பொங்கல் கழிந்து, ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகிற சாலையில் ஒரு சின்ன கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். இரும்புத் தகடுகளை வெட்டி, வளைத்து, துளை போட்டு, வண்டி செய்கிற பெரிய கம்பெனிகளுக்கு அனுப்புகிற இடம். அப்போது அந்தச் சாலையில் வேர்க்கடலைக் கொல்லைகளுக்கு நடுவே எங்கள் ஷெட்டும் இன்னும் இரண்டு மூன்று ஷெட்டுகளும்தான். சேரப்பணஞ்சேரியில் பஸ் ஏறி, ஒரகடம் கூட்டுரோட்டில் இறங்கி, இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். அந்த இரண்டாவது பஸ் வந்தால் வந்ததுதான்.

எனக்கு இருபத்திரண்டு வயது. இன்ஸ்பெக்‌ஷன் வேலை. மணிக்கு ஒரு தடவை ஒவ்வொரு பிரஸ் மெஷினிடமும் போய், வெட்டி விழுந்த தகடுகளில் நாலைந்தை எடுத்து, விளிம்பில் பிசிறு இருக்கிறதா, துளை சரியாக இருக்கிறதா என்று பார்த்து ஆபரேட்டரிடம் சொல்ல வேண்டும்.

மூன்றாவது மெஷினில் இருந்தவர் சுங்குவார்சத்திரத்துக்காரர். முப்பத்தைந்து வயதிருக்கும், மூன்று பெண் குழந்தைகள். மத்தியானம் வெளியே வேப்பமரத்தடியில் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்துவிட்டால் அவ்வளவு கலகலப்பாகப் பேசுவார். நானும் அவரை வாய் நிறைய அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். ஆனால் மெஷின் முன்னால் போய் நின்றால் வேறு ஆளாகிவிடுவார்.

ஒரு நாள் அவர் தகடுகளில் பிசிறு தெரிந்தது. தகட்டை வெட்டுகிற அச்சு, டை என்போம், மழுங்கினால் அப்படி வரும். கிட்டே போய்க் கத்தினேன்.

"அண்ணா, பிசிறு வருது. டைய கழட்டிப் பாக்கச் சொல்லுங்க."

தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து மெல்ல ஆட்டினார். பிறகு பெடலை மிதித்து அடுத்த தகட்டை வெட்டினார். அதற்கடுத்ததையும் வெட்டினார்.

அடுத்த மணிக்குப் போனேன். அதே பிசிறு, அதே தலையாட்டல். ஒரு பொம்பளை சொல்லி நான் நிறுத்த வேண்டுமா என்கிற திமிர் என்று முடிவு கட்டினேன். கோபமாகச் சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தேன். அவ்வளவு பெரிய ஆளை முறைத்துக்கொண்டு நிற்கப் பயமாக இருந்தது. சிரிப்பு வந்துவிட்டது. அவரும் பதிலுக்குச் சிரித்துவிட்டு அடுத்த தகட்டை எடுத்தார். எரிச்சலில் எனக்கு அழுகையே வந்தது.

நான்கு நாளில், வாங்கின கம்பெனியிலிருந்து அந்த லாட் முழுவதும் திரும்பி வந்தது. சூப்பர்வைசர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். எங்கள் இருவரையும் தன் மேஜை முன்னால் நிறுத்தினார்.

"இந்தப் பிசிற நீ பாக்கலியாம்மா?"

"பாத்தேன் சார். அண்ணன்கிட்ட ரெண்டு தடவ சொன்னேன்."

"என்கிட்ட ஒண்ணியும் சொல்லல சார்" என்றார் அவர், கண்ணைக்கூடச் சிமிட்டாமல். "வந்துது, தகட்ட எடுத்துப் பாத்துது, சிரிச்சிக்கினு போயிடுச்சு."

முகத்துக்கு நேரே பொய். எனக்கு உடம்பெல்லாம் பதறியது. பதறினால் எனக்கு என்ன ஆகும் என்றுதான் சொன்னேனே.

"ரெண்டு பேரும் என்ன, விளையாடுதீயளா? இதுல சிரிப்பு வேற! எழுதிக் குடுத்துட்டுப் போங்க" என்றார் சூப்பர்வைசர்.

எழுதிக் கொடுத்தோம். அண்ணன் தன் காகிதத்தில் நான் சொல்லவில்லை என்றும், நான் என் காகிதத்தில் சொன்னேன் என்றும். அன்றிலிருந்து மத்தியானம் வேப்பமரத்தின் அந்தப் பக்கம் அவரும் இந்தப் பக்கம் நானும்.

ஆடி மாசத்தில் ஒரு நாள், தகடு ஏற்றிய டிராலி ஒன்று, தள்ளிக்கொண்டு வந்தவர் கையிலிருந்து நழுவி, சரிவில் தானாக உருண்டது. நேராக அந்த அண்ணனின் முதுகைப் பார்த்துப் போனது. நான் இருந்த இடத்திலிருந்து தொண்டை கிழியக் கத்தினேன்.

"அண்ணா! நவுருங்க! நவுருங்க!"

ஷெட்டில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். அவர் மட்டும் திரும்பவில்லை. டிராலி குதிகாலில் இடித்துத் தோலைக் கிழித்துவிட்டது. கையைத் தகட்டிலிருந்து எடுத்திருந்த நேரம், அதனால் விரல்கள் தப்பின. அவரை வெளியே தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, நான் இடது பக்கமாகக் குந்திக் காலைக் கட்டினேன்.

"அவ்ளோ கத்தினேனே, காதுல வுழலியா?" என்று கேட்டேன். பதில் இல்லை. திமிர் இன்னும் அடங்கவில்லை என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. துணி எடுக்க எழுந்து வலது பக்கம் வந்து அதையே கேட்டேன்.

சட்டென்று நிமிர்ந்தார். "இன்னா சொன்ன?"

அப்போதுதான் உறைத்தது. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் புரிந்துவிட்டது என்பது அவருக்கும் புரிந்துவிட்டது.

"இந்தக் காது சுத்தமா போச்சும்மா. அந்தக் காதும் மெஷின் ஓடினா வேலைக்கு ஆவாது. உதட்டப் பாத்து ஏதோ சமாளிக்கிறேன். நீ வேற பேசிக்கினே சிரிக்கிறியா, ஒண்ணும் வெளங்கல. எல்லாம் நல்லா கீதுன்னு சொல்றன்னு நெனச்சிக்கினு தலையாட்டுவேன். தெரிஞ்சா வூட்டுக்கு அனுப்பிச்சிடுவாங்க. யார்கிட்டயும் சொல்லிடாத."

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. சொல்லாமல் இருந்து நாளைக்கு இவர் விரல் போனால்? சொல்லி இவர் வேலை போனால், அந்த மூன்று பெண்கள்? சிரித்துவிட்டேன். அவர் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நொண்டிக்கொண்டே உள்ளே போனார்.

இரண்டு நாள் கழித்து மூன்றாவது மெஷினில் வேறு ஆள் நின்றான். அண்ணனைப் பின்பக்கம் பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள். நான்தான் போட்டுக்கொடுத்தேன் என்று அவர் நினைக்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கம்பெனி வாசல் கேட்டில் எதிரே பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போனார். வேப்பமரத்துக்கும் வருவதில்லை. நான் ஓர் உயிரிடமும் மூச்சு விடவில்லை. அம்மாவிடம்கூட! செய்யாத தப்புக்கு இந்த மனுஷன் எனக்குத் தண்டனை கொடுக்கிறாரே என்று ஒவ்வொரு நாளும் பஸ்ஸில் மனதுக்குள் அவரோடு சண்டை போட்டேன். அவர் தெரிந்தால் நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். முழுதாக மூன்று மாசம்.

ஆயுத பூஜை அன்றைக்கு மெஷின் எல்லாம் கழுவி, பொட்டு வைத்து, ஷெட்டே நிசப்தமாக இருந்தது. பொரி கடலைப் பொட்டலத்தை எல்லோருக்கும் அவர்தான் கொடுத்துக்கொண்டு வந்தார். என்னிடம் வந்தபோது தாங்க முடியாமல் அவருடைய வலது பக்கம் போய் நின்று கொட்டிவிட்டேன்.

"நான் யார்கிட்டயும் சொல்லல அண்ணா. சாமி சத்தியமா சொல்லல."

"இன்னாத்த?"

"உங்க காதப் பத்தி."

அவர் பொட்டலத்தோடு அப்படியே நின்றார். "நீ சொன்னன்னு யாரு சொன்னா? நான்தான போயி சூப்பர்வைசர்கிட்ட சொன்னேன்!"

"அப்ப ஏன் மூணு மாசமா தலையக் குனிஞ்சிக்கினு போனீங்க?"

"உன்ன அந்த ஆளு முன்னால பொய்க்காரியாக்கிட்டேனே. வெக்கமா இருந்துச்சு. நீயும் மூஞ்சியத் திருப்பிக்கினு போன. கோவம் ஆறலன்னு நெனச்சேன்."

"அது நீங்க கோவமா கீறீங்கன்னு!"

"நான் எதுக்குக் கோவப்படப் போறேன்? உன்னாலதான எனக்குத் தைரியமே வந்துச்சு. அன்னிக்கு அழாத குறையா சொல்றேன், நீ சிரிச்ச. அட, இந்தப் பொண்ணே சிரிக்குது, இவ்ளோதானா விஷயம்னு தோணுச்சு. மறுநாளே போயி சொல்லிட்டேன். ஒண்ணும் ஆவலியே, பேக்கிங்ல போட்டுட்டாங்க."

"அண்ணா, அது பயத்துல வந்த சிரிப்பு. எனக்குக் கை காலெல்லாம் நடுங்கிச்சு."

"போம்மா. பயந்தவ எவளாவது சிரிப்பாளா?"

நானும் பெரியப்பா சாவிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நான் தன்னடக்கத்தில் அப்படிச் சொல்கிறேன் என்று நினைத்து என் கையில் இரண்டு பொட்டலம் கொடுத்தார்.

அன்றைக்கே என்னை சூப்பர்வைசரிடம் அழைத்துப்போய், பிசிறைப் பற்றி நான் சொன்னது நிஜம்தான், தனக்குத்தான் கேட்கவில்லை என்று சொன்னார். மறுநாளிலிருந்து மத்தியானம் நான் பேக்கிங்கில் சாப்பிட்டேன்.

இனிமேல் முகத்தையும் வாயையும் நம்பக் கூடாது என்று, பிசிறு இருந்தால் தகட்டின் மேல் சாக்பீஸால் பெரிதாகப் பெருக்கல் குறி போட ஆரம்பித்தேன். இதில் யார் என்ன தப்பாகப் புரிந்துகொள்ள முடியும்? மூன்றாவது மெஷினுக்கு வந்த புது ஆபரேட்டர் ஒரு வாரம் ஒன்றுமே கேட்காமல் வேலை செய்தான். எட்டாவது நாள் போய்ப் பார்த்தால், நான் குறி போட்ட தகடுகளையெல்லாம் தனியாக அழகாக அடுக்கி வைத்திருந்தான்.

"இதெல்லாம் நீங்க பாத்து ஓகே பண்ணது அக்கா" என்றான். "மொதல்ல அனுப்பிடலாம்னு."