நீல அல்லி பகலில்தான் பூக்கும்

ரெஜினாவுக்குப் பிடிவாதம் என்றால் அப்படியொரு பிடிவாதம். பெரியப்பா மகள், ஒரே பாயில் படுத்து வளர்ந்தவள் என்பதால் எனக்கு நன்றாகவே தெரியும். எங்கள் காலனியில் எம்.எஸ்சி. வரை போன முதல் ஆள் அவள்தான். செங்கல்பட்டுக்குப் பஸ் பிடித்துப் போய்த் தாவரவியல் படித்தாள்.

2003இல் கடைசி வருட ஆய்வுக்கு இரண்டு அல்லிகளை எடுத்துக்கொண்டாள். வெள்ளை ஒன்று, நீலம் ஒன்று. பார்க்க அக்கா தங்கை போல இருந்தாலும் குணம் வேறு. வெள்ளை அல்லி இருட்டும்போது விரிந்து, மறுநாள் வெயில் ஏறியதும் மூடிக்கொள்ளும். அதன் இலையைத் திருப்பித் தடவினால் மெத்தென்று முடி இருக்கும். நீலத்தின் இலையடி வழவழப்பு. அது வெயில் வந்த பிறகுதான் பூக்கும், சாயங்காலம் மூடிவிடும். எதற்கு எந்தப் பூச்சி வருகிறது என்று பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். ஆய்வே அதுதான்.

வெள்ளை எங்கள் காலனி ஓரத்துப் பள்ளத்திலேயே கிடந்தது. நீலம் ஊர்க்குளத்தில் மட்டும். அந்தக் குளத்தில் எங்கள் ஆட்கள் இறங்கக் கூடாது. யாரும் எழுதி ஒட்டவில்லை, ஆனால் எங்கள் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும்.

"விடியறதுக்கு முன்னால போயி மொட்டா பறிச்சாந்துடு. வாளியில வச்சா விரியும்" என்றார் பெரியப்பா பெஞ்சமின். மறைமலைநகரில் கார் பாகம் செய்யும் கம்பெனியில் அவருக்கு வேலை. ஊரில் யாரிடமும் கூலிக்குப் போகவில்லை. ஆனாலும் பயம் விடவில்லை.

"வாளிக்கு இன்னா பூச்சி வரும் நைனா? அது பகல்ல தான் பூக்குது. நானும் பகல்ல தான் போவணும்."

"பேஜாரா பூடும்மா. வெள்ளைய மட்டும் எழுதிக் குடுத்து பாஸ் பண்ணிக்கோ."

"ஒண்ண மட்டும் வச்சிக்கினு எத்தோட ஒப்பிடறது?"

மறுநாள் வெயில் ஏறியதும், ஊரே பார்க்க, குளத்துப் படியிறங்கி இடுப்பளவு தண்ணீரில் நின்றாள். நான் கரையிலேயே நின்றுவிட்டேன். கூட்டம் கூடிவிட்டது. குளத்து மீனைக் குத்தகைக்கு எடுத்திருந்த தாமோதரன்தான் பேசினார். முதலில் கத்தினார். அவள் பூவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பிறகு குரலைத் தாழ்த்தினார். படித்த பெண், கேஸாகிவிடும் என்று யாரோ காதில் போட்டிருக்க வேண்டும்.

"இன்னாம்மா, பூ தானே வோணும்? நீ கரையேறு. எங்க ஆளே பறிச்சித் தூக்கிப் போடுவான். எட்த்துக்கினு போய்க்கினே இரு."

தூக்கிப் போடுவானாம். காலங்காலமாக எங்களுக்கு எதையும் அப்படித்தானே கொடுத்தார்கள்.

"பூ எனக்கு வோணாம் சார். நான் இங்க நிக்கணும். பூ மூடற வரைக்கும் நிப்பேன். நாளைக்கும் வருவேன்."

நின்றாள். அன்று சாயங்காலம் கரையேறியபோது விரல்களெல்லாம் ஊறி வெளுத்திருந்தன. படியில் பெரியப்பா நின்றிருந்தார், வேலையைப் பாதியில் விட்டு, கம்பெனிச் சட்டையோடு. துண்டை நீட்டினார்.

மறுநாள் அவளுக்கு முன்பாகவே நான் குளத்தில் இறங்கிவிட்டேன்.