படிகத்தைத் திருப்பச் சொன்ன கலைமதி மேடம்

செவ்வாய்க்கிழமை காலை வகுப்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது துறை உதவியாளர் போன் செய்தார். "கலைமதி மேடம் தவறிட்டாங்க சார்." பெரம்பலூரிலிருந்து அரியலூருக்கு நான் போய்ச் சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள்.

எங்கள் கல்லூரி லேசர் ஆய்வகம் அவர் பொறுப்பில் இருந்தது. நானும் அதே துறை. ஏறக்குறைய ஒரே வயது. பல வருடங்களுக்கு முன் முனைவர் பட்ட ஆய்வுக்குப் பதிவு செய்திருந்தேன். நிறம் மாற்றக்கூடிய சிவப்பு லேசர் ஒளியைப் படிகத்துக்குள் செலுத்தி, அதிர்வெண் இரட்டித்த புற ஊதா ஒளியைப் பெற வேண்டும். படிகம் சரியான கோணத்தில் நின்றால்தான் அந்த ஒளி பிறக்கும். நிறத்தை மாற்றினால் கோணத்தையும் மாற்ற வேண்டும்.

ஒருநாள் அந்த ஒளியை அளக்கும் மீட்டரின் முள் எகிறியது. துறை முழுக்க ஜிலேபி கொடுத்தேன். மேடம் ஜிலேபியைக் கையில் வைத்துக்கொண்டே, "படிகத்தைக் கொஞ்சம் திருப்புங்க சார்" என்றார். திருப்பினேன். முள் அசையவில்லை.

"போக வேண்டியது போகலீங்களே. அப்ப அது நம்ம வெளிச்சம் இல்ல சார்."

சிவப்பைத் தடுக்க வைத்த வடிகட்டி வழியே கசிந்த சிவப்பு ஒளியைத்தான் நான் கொண்டாடியிருந்தேன்!

ஆய்வேடு கொடுக்க ஒரு மாதமே இருந்தது. தவறினால் பதிவு ரத்து. ஏழு வருடம் வீண். ஆய்வகப் பொறுப்பாளராக இருக்கிற அளவீட்டிலேயே கையெழுத்துப் போடச் சொல்லி மேடத்திடம் கெஞ்சினேன். "யாரு மேடம் வந்து பார்க்கப் போறாங்க?"

"நான் பார்த்துட்டேனே சார்."

அவரை அறிந்தவர்களுக்குத் தெரியும், மாட்டேன் என்றால் மாட்டார். பிடிவாதக்காரி என்று திட்டிவிட்டுப் பேச்சை நிறுத்தினேன்.

மறுநாளிலிருந்து அவர் மாலையில் வீடு திரும்பும் அரியலூர் பஸ் இரண்டை விட்டுவிட்டு மூன்றாவதில் போனார். நான் கோணத்தைத் திருப்ப, அவர் முள்ளைப் படித்தார். எண்களைத் தவிர வேறு பேச்சில்லை. மூன்றாவது வாரம் முள் எழுந்தது. படிகத்தைத் திருப்பினேன், படுத்துவிட்டது. சிவப்பை ஆரஞ்சாக்கி, கோணத்தைச் சரிசெய்தோம், மறுபடி எழுந்தது.

"இப்ப வாங்குங்க ஜிலேபி" என்று சிரித்தார். நான் வாங்கவில்லை. வீம்பு!

ஆய்வேட்டின் நன்றியுரையில் கேன்டீன்காரர் வரை எழுதினேன். மேடம் பெயரை வேண்டுமென்றே விட்டேன். அவர் முழுவதையும் படித்தார். "அறுபத்தேழாம் பக்கத்துல ஒரு கோணம் தப்பா விழுந்திருக்கு, பாத்துக்குங்க" என்று மட்டும் சொன்னார்.

பிறகு பேசிக்கொண்டோம், எத்தனையோ டீ குடித்தோம். நன்றியுரையைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ.

எந்த அளவீட்டையும் நம்புவதற்கு முன் கெடுத்துப் பார்க்கும் பழக்கம் அவர் கொடுத்தது. அது என்னிடம் இருக்கிறது. அவரிடம் கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பும் என்னிடமேதான் இருக்கிறது.