ஆளில்லாத ரூமுக்கும் குளிர் வேண்டுமாம்

இன்று காலை கோவில்பட்டியில் கரண்ட் இல்லை. விசிறியோடு உட்கார்ந்திருந்தேன். அமெரிக்காவிலிருந்து வீட்டுக்காரர் போன் செய்தார். அங்கேயும் வெக்கையாம்!

"ஏசி ஓடுது, காத்துதான் வரலை."

"பில்டர்ல புழுதி அடைச்சிருக்கும். கழட்டித் தட்டுங்க." கரிசல்காட்டுக்காரிக்கு வேறென்ன தோன்றும்?

"இங்கன ஏது புழுதி? மெக்கானிக் வந்து பார்த்தாச்சு. உள்ள குழாய்ல ஐஸ் கட்டிப்போச்சாம். ரூமுக்குக் காத்து வார ஓட்டையை எதுக்கு மூடுனேன்னு சத்தம் போடுதாரு."

வீடு முழுவதற்கும் ஒரே மெஷின். காற்றுப் போக வழியில்லாமல் அது உறைந்துவிட்டது. ரூமைவிட்டு வெளியே வந்தால் ஃபேனை அணைத்துப் பழகிய ஊர்க்காரர், வேறென்ன செய்வார்?

"எந்த ரூமை மூடுனீங்க?"

"எல்லாத்தையும்தான். நான் ஹால்லதானே படுக்கேன். நீயும் பாப்பாவும் வந்த பொறவு தொறப்போம்னு இருந்தேன்."

விசிறியை மறு கைக்கு மாற்றிக்கொண்டேன்.

இப்போது எல்லாவற்றையும் திறந்துவிட்டாராம். யாரும் படுக்காத கட்டில்மேல் குளிர்காற்று வீசிக்கொண்டிருக்கிறது. பாப்பா இங்கே வேர்க்குருவைச் சொறிந்துகொண்டிருக்கிறாள்.

எங்கள் விசா எந்த ஓட்டையில் அடைத்துக்கிடக்கிறது என்று கண்டுபிடிக்கிற மெக்கானிக் யாரையாவது தெரியுமா, மக்களே?