இரண்டாவது நாற்காலி

“அம்மாவுக்கு இன்னும் கருமாதிகூட ஆகல, ஒங்களுக்குக் கப்பல் கேக்குதா சித்தி—”

“கேக்குது. எங்க ரெண்டு பேருக்கும்தான் கேட்டுச்சு. ஒங்கம்மா போயிட்டா, நான் இருக்கேன்ல—”

“அது முடியட்டும்னுதானே சொல்றேன்—”

“அது வரைக்கும் கப்பல் எனக்காக நிக்குமாய்யா?”

வல்லத்திராக்கோட்டையில் அன்று அந்தச் சண்டையைக் கேட்காத வீடு இல்லை. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் யாரும் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும். செவந்தி ஒன்றைக் கூட்டியோ குறைத்தோ சொல்கிறவள் இல்லை.

ராஜலட்சுமியும் செவந்தியும் அண்ணன் தம்பியைக் கட்டிய ஓரகத்திகள். கல்யாணமான நாளிலிருந்து இருவருக்கும் ஒரே அடுப்படி. நாற்று நட்டாலும் கடலை பிடுங்கினாலும், உச்சி வேளையில் புகைக்குள் நின்று ஆட்களுக்கு ஆக்கிப் போட வேண்டும். கப்பல் ஆசையைக் கிளப்பியவள் மூத்தவளான ராஜலட்சுமிதான். யாரோ போனில் காட்டிய சுற்றுலாக் கப்பல் படத்தைப் பார்த்ததிலிருந்து அதே பேச்சு. ஆக்க வேண்டாம், எச்சில் தட்டு கழுவ வேண்டாம். கோயிலுக்குப் போனால்கூடக் கட்டுச்சோறு கட்ட வேண்டியிருக்கிறது, அங்கே அதுவும் கிடையாது. எங்கே போனாய் என்று கேட்கவும் ஆளில்லை. பெரிய காரணத்தை மட்டும் மெதுவாகச் சொன்னாள்.

“ஒரு நாளாச்சும் உச்சி வேளையில தண்ணியப் பாத்துக்கிட்டு சும்மா உக்காரணும்டி.”

இரண்டு டிக்கெட் எடுத்தார்கள். கிளம்புவதற்குச் சில நாள் இருக்கும்போது ராஜலட்சுமி அடுப்படியிலேயே சாய்ந்து போனாள்.

துக்க வீட்டிலிருந்து கிளம்புகிறவர் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். போய்வருகிறேன் என்று சொல்லக்கூடாது. வா என்று யாரையும் அழைக்கவும் கூடாது. செவந்திக்குத் தெரியாததா? ஆனாலும் அன்றைக்கு இருந்த வீம்பில், பையோடு போய் ராஜலட்சுமியின் படத்துக்கு முன்னால் நின்றாள். ராஜலட்சுமியின் மகன் சிவபிரகாஷ் முறைத்துக்கொண்டிருந்தான். அவன் காதில் விழட்டும் என்றே சத்தமாகச் சொன்னாள்.

“வாக்கா, போகலாம்.”

படத்துக்கு முன்னால் எரிந்த விளக்கு அணைந்தது. காற்று இல்லை...

சென்னையில் கப்பல் ஏறினாள். அறையில் ஜன்னலோரம் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் உட்கார்ந்தாள். மற்றதில் பையை வைத்தாள். அறையைக் கவனித்துக்கொண்ட சந்தோஷ் எங்கள் பக்கத்து மீமிசல்காரன். ஊர்ப்பேச்சு கேட்ட மகிழ்ச்சியில், வீட்டுக்கு வந்து கடலை வாங்கிப் போகச் சொல்லித் தன் போன் நம்பரைக் கொடுத்து வைத்தாள்.

மறுநாள் பகல். மணி பன்னிரண்டு. நடுக்கடல். மேல்தளத்தில் நின்றுவிட்டு அறைக்கு வந்தாள்.

பை தரையில் இருந்தது.

நாற்காலி கடலைப் பார்த்துத் திரும்பியிருந்தது. பெருக்கியபோது சந்தோஷ் நகர்த்தியிருப்பான் என்று நினைத்தாள். அப்புறம்தான் கைப்பிடியைப் பார்த்தாள். சுண்ணாம்பு. விரலால் இழுவிய வெள்ளைத் தடம். வெற்றிலைக்குத் தடவியது போக மிச்சத்தை ராஜலட்சுமி அடுப்படி நிலையில் இப்படித்தான் இழுவுவாள்.

தொட்டாள்... ஈரம்.

டொக்... டொக்...

கதவைத் திறந்தாள். சந்தோஷ் நின்றான்.

“ஒங்களுக்கு மட்டும் சாப்பாடு கொண்டாரவாம்மா? அந்தம்மா வேணாம்னுட்டாங்க.”

“எந்தம்மா?”

அவன் அவள் தோளுக்குப் பின்னால் பார்த்தான்.

“இந்தா... உக்காந்திருக்காங்கள்ல.”

முதுகுக்குப் பின்னால் நாற்காலி முனகியது.

க்ரீச்...

வெற்றிலை வாசனை.

அவள் திரும்பவில்லை.

ஓடவும் இல்லை. அன்று மாலைவரை மற்ற நாற்காலியில் கடலைப் பார்த்தபடியே இருந்தாள். பக்கத்தில் மட்டும் பார்க்கவில்லை.

கப்பல் திரும்பிச் சென்னையை நெருங்கியதும் சிவபிரகாஷ் போனில் வந்தான். இந்த முறை குரலில் சண்டை இல்லை. அவள் கிளம்பியதிலிருந்து படத்துக்கு முன்னால் விளக்கு நின்று எரியவே மாட்டேன் என்கிறதாம்.

“கூப்பிட்டுட்டுப் போனது நீங்கதான் சித்தி. திரும்பவும் கூப்பிட்டுக்கிட்டு வந்துருங்க. இல்லாட்டி கருமாதிக்கு அம்மா இருக்க மாட்டாங்க.”

பையைத் தூக்கிக்கொண்டு அறை வாசலில் நின்றாள். ‘வா’ என்று ஒரே ஒரு சொல் சொன்னால் போதும். அது நாக்கு நுனிவரை வந்தது. கூடவே அந்த அடுப்படியும், புகையும், சுண்ணாம்பு படிந்த நிலையும் கண்ணுக்கு முன்னால் வந்தன. வாழ்நாளில் முதல் தடவையாக அக்கா சும்மா உட்கார்ந்திருக்கிறாள். அவளை அங்கே திரும்பக் கூப்பிட நான் யார் என்று தோன்றியது.

செவந்தி சொல்லை விழுங்கினாள். துக்க வீட்டிலிருந்து கிளம்புவதுபோல, சொல்லிக்கொள்ளாமல் கதவைச் சாத்திவிட்டு இறங்கிவிட்டாள்.

கருமாதி நடந்தது. விளக்கு நின்று எரியவில்லை. சிவபிரகாஷ் இன்றுவரை அவளோடு பேசுவதில்லை. அவளும் அதற்காக வருந்தவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் உச்சி வேளை. செவந்தி தனியாக அடுப்படியில் உலையை இறக்கிக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. சந்தோஷ். மூச்சு வாங்கியது. அந்த அறைக்கு இந்த முறை ஆளே வரவில்லை, பூட்டித்தான் கிடந்தது, பெருக்கலாம் என்று இப்போதுதான் திறந்தேன் என்றான்.

அவன் குரலுக்குப் பின்னால் அலைச் சத்தம்...

“அம்மா... ரெண்டாவது நாற்காலி சும்மாதான் கெடக்குதாம். ‘வாடி செவந்தி, போகலாம்’னு ஒங்கள்ட்ட சொல்லச் சொன்னாங்க.”