எஞ்சின் வெந்நீரில் தோய்த்த மாம்பழங்கள்

பொன்மலை ரயில்வே காலனியில் வள்ளிக்கண்ணுவைத் தெரியாதவர் யாராவது இருந்தால், அவர் நேற்றுதான் குடிவந்திருக்க வேண்டும். கிளி, யானை, வாழைத்தார் என்று எதைக் கேட்டாலும் துணியில் பஞ்சடைத்துத் தைத்துக் கொடுத்துவிடுவாள். கடையில் விற்கும் வர்ணத் துணி மட்டும் அவள் கண்ணுக்கு ஆகாது. வெள்ளைக் காடாத் துணி வாங்கித் தன் கையால் சாயம் தோய்த்தால்தான் அவளுக்குத் திருப்தி. அதையும் வீட்டில் செய்ய மாட்டாள். ஓடுகிற ரயிலில்தான் செய்வாள்.

சிரிக்க வேண்டாம், அதில் நியாயம் இருந்தது. கணவன் ராசப்பனுக்குப் பொன்மலைப் பட்டறையில் பாய்லர் வேலை. வருஷா வருஷம் குடும்பத்துக்கு ரயில் பாஸ் உண்டு. எஞ்சினில் வெந்நீருக்கா பஞ்சம்? வண்டி தண்ணீர் பிடிக்க நிற்கும் ஸ்டேஷனில் இறங்கி, பட்டறை ஆள் பெண்சாதி என்று சொன்னால் டிரைவர் ஒரு வாளி கொதிநீர் திறந்துவிடுவார். விறகு மிச்சம். தோய்த்ததை ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டால் ஒன்றிரண்டு ஸ்டேஷன் தாண்டுவதற்குள் காய்ந்தும் போகும். கரித்தூள் படியாதா என்று யாராவது கேட்டால், எந்தப் பெட்டியில் ஏறி எந்தப் பக்கம் உட்காரவேண்டும் என்று அவருக்குப் பாடமே நடத்திவிடுவாள். ஊருக்குப் போய்வந்தவர்கள் கோயிலையும் கடலையும் பற்றிப் பேசுவார்கள். இவள், விழுப்புரத்தில் ஊதா அருமையாகப் பிடித்தது என்பாள்.

இந்தச் சாயப் பைத்தியம்தான் தங்கை அமிர்தத்தை அவளிடமிருந்து பிரித்தது. அமிர்தத்தின் கல்யாணத்துக்கு ஆசை ஆசையாகத் துணிப்பூ மாலை கட்டிக் கொண்டுபோனாள். மாப்பிள்ளை ஊர்வலத்தில் மழை பிடித்துக்கொண்டது. மாலையின் ஊதா இறங்கி மாப்பிள்ளையின் பட்டுச் சட்டையெல்லாம் கத்திரிக்காய் நிறம். மாப்பிள்ளை வீட்டார் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். புதுப்பெண்ணால் தலை நிமிர முடியவில்லை. அன்றைக்கு அக்காவிடம் பேச்சை நிறுத்தியவள்தான். அமிர்தம் வாழ்க்கைப்பட்ட ஸ்ரீரங்கத்துக்கும் பொன்மலைக்கும் எத்தனையோ பஸ் ஓடியது. ஆறு வருஷமாக இவர்கள் இரண்டு பேரும் அதில் ஏறவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில் அமிர்தத்துக்குத் தலைப்பிள்ளை பிறந்தது. அவள் புருஷன் அழகிரி காந்தி மார்க்கெட்டில் காய்கறி மண்டி வைத்திருந்தான். நாலாம் மாசம் தொட்டில் போடும் நாளுக்கு அழைக்க அவனே பொன்மலைக்கு வந்தான். அமிர்தம் கூப்பிடச் சொன்னாளா என்று வள்ளிக்கண்ணு கேட்டாள். அவன் தலையைச் சொறிந்துகொண்டு, வெயிலைப் பற்றிப் பேச ஆரம்பித்தான்.

அந்த வருஷத்துப் பாஸில் சென்னைக்குப் போவதென்று ஏற்கெனவே முடிவாகியிருந்தது. திரும்பும் நாளும் தொட்டில் போடும் நாளும் ஒன்றாக அமைந்தது. வழியில் ஸ்ரீரங்கம் ஸ்டேஷனிலேயே இறங்கிக்கொள்ளலாம். தொட்டிலுக்கு மேலே தொங்கவிடக் கிளிகள், அதற்குக் கீழே மாம்பழங்கள் என்று அவள் மனசுக்குள் தீர்மானித்துவிட்டாள். கிளிகளுக்கான பச்சையைப் போகும்போதே தோய்த்து முடித்தாள். மாம்பழம் பிள்ளையின் கைக்கு எட்டும், வாய்க்கும் போகும். அதனால் அதற்குக் கடைச் சாயம் கூடாது, சமையல் மஞ்சள்தான் என்று பிடிவாதமாக இருந்தாள். இன்னொரு தடவை சாயம் காலை வாரினால் இந்த ஜென்மத்தில் தங்கை முகத்தில் விழிக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

திரும்பும் வழியில் விருத்தாசலத்தில் வண்டி நின்றது. டிரைவர் அப்துல் மாலிக் ராசப்பனுக்குப் பழக்கம். கேட்பதற்கு முன்பே வாளியை நிரப்பிக் கொடுத்தார். வள்ளிக்கண்ணு எஞ்சின் வெந்நீரில் முதல் தடவையாக மஞ்சள் பொடியைக் கொட்டித் துணியை முக்கினாள். குச்சியால் தூக்கிப் பார்த்தாள். ஆரத்தி கரைத்த தட்டில் விழுந்த மாதிரி துணி செக்கச் சிவந்து போயிருந்தது.

மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும் என்பது அவளுக்குத் தெரியாததா? இங்கே சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது என்றுதான் திகைத்தாள். ராசப்பன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், பாய்லரில் உப்புப் படியாமல் இருக்கத் தண்ணீரில் சலவை சோடா போடுவார்கள், சுண்ணாம்பு மாதிரி அதுவும் மஞ்சளைச் சிவக்க வைக்கும் என்றான்.

"தெரிஞ்சிருந்துமா வாயை மூடிக்கிட்டு இருந்தீங்க?"

"நீ கேக்கலையே."

அதற்குப் பிறகு அரியலூர் வரைக்கும் அவன் வாங்கிக் கட்டிக்கொண்டதை இங்கே எழுதினால் நன்றாக இருக்காது. எலுமிச்சம்பழம் பிழிந்தால் மஞ்சள் திரும்பும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் எந்த பிளாட்பாரத்திலும் எலுமிச்சம்பழம் கிடைக்கவில்லை. வேறு துணியும் கையில் இல்லை. புலம்பிக்கொண்டே சிவப்புத் துணியை வெட்டி, பஞ்சடைத்து, லால்குடி வருவதற்குள் தைத்து முடித்தாள். முடித்ததும் பையை மூடிக்கொண்டு, நேரே பொன்மலைக்கே போய்விடலாம் என்றாள். அவளுக்குப் பயமாக இருந்தது.

ராசப்பன் பேப்பரை மடித்தான். "சிவப்போ மஞ்சளோ, இன்னைக்குப் போகலைன்னா நீ வரலைங்கறதுதான் அவ மனசுல நிக்கும். ஸ்ரீரங்கத்துல இறங்கு" என்றான்.

வீடு நிறைய மாப்பிள்ளை வீட்டுச் சனம். அக்காவைப் பார்த்ததும் அமிர்தம் அடுக்களைக்குள் போய்விட்டாள். அழகிரிதான் ஓடிவந்து பையை வாங்கினான். யாரும் கேட்பதற்குள் வள்ளிக்கண்ணு கிளிகளையும் அதற்குக் கீழே மாம்பழங்களையும் தொட்டில் கயிற்றில் கட்டினாள். பிள்ளை கீழே தொங்கிய சிவப்பு உருண்டை ஒன்றைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டு விட மாட்டேன் என்றது. அதைப் பார்த்துக் கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள்.

சிரிப்புச் சத்தம் கேட்டு அமிர்தம் எட்டிப் பார்த்தாள். மெதுவாகத் தொட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். கிளிகளைப் பார்த்தாள், கீழே தொங்கியதைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"கிளி எங்கேயாவது தக்காளி தின்னுமாக்கா?"

ஆறு வருஷத்துக்குப் பிறகு அந்த வாயிலிருந்து 'அக்கா' என்ற சொல் வந்திருந்தது. அது மாம்பழம் என்று சொல்ல வள்ளிக்கண்ணுவுக்குத் தோன்றவே இல்லை.

"தின்னும்டி, உங்க வீட்டுக் கிளி எல்லாம்..." என்று ஆரம்பித்தவள், மேலே சொல்ல முடியாமல் தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள்.