யுவஸ்ரீயின் உள்ளங்கால்

பாகலூர் ரோட்டுப் பக்கம் பசுமைக்குடிலில் ரோஜா வெட்டுவது மாதேஸ்வரிக்கு வேலை. வேலைக்குக் கிளம்பும் முன் தினமும் மகள் யுவஸ்ரீயின் முழங்கால்களில் வெந்நீர்த் துணி போட்டு, அரை மணி நேரம் நீவிவிட்டு, கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்துவாள். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு மூட்டுவாதம் வருமா என்று கேட்காதவர்கள் தெருவில் இல்லை.

பெங்களூரில் டாக்டர் சத்யப்ரியா இரண்டு வாரத்துக்கு ஒரு ஊசி எழுதிக்கொடுத்தார். நான்காவது ஊசிக்குப் பிறகு ஒரு காலை, மாதேஸ்வரி வெந்நீரோடு வந்து பார்த்தால் பாயில் பிள்ளை இல்லை. வெளியே குந்தி உட்கார்ந்து பல் விளக்கிக்கொண்டிருந்தாள். மூன்று வருஷமாக மடங்காத கால்கள். மாதேஸ்வரி கையில் சுடுவதுகூடத் தெரியாமல் நின்றாள்.

ஊசி தொடங்கிய ஐந்தாம் மாதம் உள்ளங்கால் சிவந்து, சீழ்க்கொப்புளம் கண்டது. காய்ந்ததும் தோல் பாளம் பாளமாக உரிந்தது. தலையிலும் வெள்ளைச் செதில்.

"ஊசிச் சூடுதான் இது. நிறுத்திப்போடு" என்றாள் எதிர்வீட்டு மாரம்மா.

மாதேஸ்வரி நிறுத்தினாள். சில வாரத்தில் முழங்கால் மறுபடி வீங்கியது. பயந்துபோய்ப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு பெங்களூர் பஸ் ஏறினாள்.

டாக்டர் திட்டவில்லை. "இது சொரியாசிஸ்ங்கிற தோல் வியாதிமா. ஊசியாலதான் வந்திருக்கணும். ஆனா சொரியாசிஸ் இருக்கிற மத்தவங்களுக்கு நாங்க இதே ஊசியத்தான் போடுறோம்."

"அப்ப இவளுக்கு மட்டும் எப்புடிங்க?"

"சிலருக்கு இப்படித் திருப்பிக்கும். ஏன்னு எங்களுக்கே முழுசாத் தெரியாது."

மாதேஸ்வரி மகளின் காலை மடியில் எடுத்து வைத்துப் பார்த்தாள். பத்து மாதம் சுமந்து பெற்ற உடம்புதான். அதற்குள் இத்தனை நடக்கிறது, யாரையும் கேட்காமல்.

"உனக்கு எது ரொம்பக் கஷ்டம், பாப்பா?" என்று டாக்டர் கேட்டார்.

"தோலு உரிஞ்சா உரியட்டும் டாக்டர். கோகோ ஆட்டத்துல குந்தி உக்காரணும்."

மாதேஸ்வரி மடியிலிருந்த காலை மெல்லக் கீழே இறக்கிவிட்டாள். தான் பயந்து நடுங்கிய ஒன்றை இந்தச் சின்னது எவ்வளவு லேசாகத் தள்ளி வைத்துவிட்டது.

முதலில் அதே ஊசியோடு களிம்பும் தந்தார்கள், போதவில்லை. பிறகு ஊசியையே மாற்றினார்கள். நான்கு மாதம் பிடித்தது. முழங்கால் வீக்கம் வடிந்தது, செதில் உதிர்ந்தது, உள்ளங்காலில் ரோஸ் நிறத்தில் புதுத்தோல் ஏறியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நகம் வெட்டும்போது மாதேஸ்வரி அந்தப் புதுத்தோலை ஒரு விரலால் மெல்லத் தடவினாள்.

"கூசுதும்மா" என்று சிரித்துக் காலை இழுத்துக்கொண்டாள் யுவஸ்ரீ.