மாமாவின் பூட்டிய வீட்டில் என் முதல் ஆல்பம்

என் முதல் ஆல்பத்தை முழுத் தனிமையில் உருவாக்கியதாக எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன். துபாயில் வேலை பார்க்கும் மாமா அறந்தாங்கியில் கட்டிப் பூட்டி வைத்திருந்த வீட்டில் நாற்பது நாள் கிடந்தேன். எதிரொலி வராமலிருக்க ஹால் சுவரில் மெத்தைகளைச் சாய்த்து, மைக் முன்னால் நிஜமாகவே அழுது பாடினேன். மனிதர்களே வேண்டாம் என்பதுதான் எல்லாப் பாட்டுக்கும் கருத்து. வெளியானதும் மாமாவுக்கு லிங்க் அனுப்பினேன். உடனே அழைத்தார்.

“லிங்க் எதுக்கு மாப்ள? திருட்டுக்குப் பயந்து ஹால்ல கேமரா வச்சிருக்கேன்ல, போன்லயே எல்லாம் தெரியும், கேக்கும். வேல முடிஞ்சு வந்து எங்க ரூம்ல எட்டுப் பேரும் தெனமும் ஒன்னயத்தான் பாத்தோம். நீ அழுவுற எடத்துல சிரிச்சுச் சிரிச்சு வயிறே வலிச்சுருச்சு.”

அந்த ஆல்பத்தை முழுதாகக் கேட்டவர்கள் இன்றுவரை அந்த எட்டுப் பேர்தான்.